பனியில் தூங்கிய பதினோரு தேனீக்கள்

அந்த லென்ஸைக் கம்பெனியிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு ஒரு கேட் பாஸ் வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது; ஓரத்தில் ஒரு கீறல். ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வண்டி எஞ்சினுக்குள் போகிற சின்னச் சின்னப் பித்தளைப் பாகங்கள் செய்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக லென்ஸ் வழியாகப் பார்த்து, விளிம்பில் பிசிறு இருந்தால் சிவப்பு டப்பாவிலும், சுத்தமாக இருந்தால் பச்சை டப்பாவிலும் போடுவது என் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். என் மேஜையில் இருந்த லென்ஸ் ஒருநாள் கீழே விழுந்து கீறிக்கொண்டது. எங்கள் இன்சார்ஜ் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டு, பழையதைக் குப்பையில் போடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் சேலத்துக்காரர்; எதுவானாலும் எழுத்தில் இருந்தால்தான் அவருக்குத் திருப்தி. ‘ஸ்கிராப் லென்ஸ், ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேட்டில் செக்யூரிட்டி அந்தச் சீட்டையும் என் உள்ளங்கையில் இருந்த பொருளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியாது.

ஒரு வாரம் அது சமையலறை அலமாரியில், சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனபோது கொடிக்கயிறு முழுக்கப் பனி. மார்கழி மாதத்தில் ஓசூர்ப் பனி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நானும் என் கணவரும் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், இது ஊரா, ஐஸ் பெட்டியா என்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்கு வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு லே-அவுட்டின் கடைசித் தெருவில் வாடகைக்கு இருக்கிறோம்.

அந்தக் கொடிக்கயிற்றில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கையை வீசினேன், பறக்கவில்லை. குனிந்து பார்த்தால் அதன் உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. கீழே ஓடிப்போய் லென்ஸை எடுத்து, செல்போன் கேமராவின் மேல் வைத்து, செல்லோ டேப்பால் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஈ அங்கேயே இருந்தது. பக்கத்தில் கொண்டுபோனேன், ஒரே மங்கல். இன்னும் பக்கத்தில், இன்னும் பக்கத்தில், கிட்டத்தட்ட ஈயை இடித்துவிடும் தூரத்தில் சட்டென்று படம் தெளிந்தது.

அதுவரை நான் ஈயைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். செங்கல் நிறத்தில் இரண்டு பெரிய கண்கள். அவற்றின் மேல் கோத்து வைத்ததுபோல் நீர்த்துளிகள். முதுகில் இருந்த ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு துளி. பெரிய துளி ஒன்றுக்குள் எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி தலைகீழாக, கறுப்பாக, முழுசாக நின்றது. நான் கத்தியிருக்க வேண்டும். பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் வாயில் நுரையோடு மேலே வந்தார். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

“ஏ, இது நம்ம வீட்டு ஈயா?” என்றார். பிறகு, “இதையா இத்தன நாளும் பேப்பரை மடிச்சு அடிச்சுக்கிட்டு இருந்தோம்?” என்றார்.

அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுக்க என் காலைகள் மாறிப்போயின. கம்பெனி பஸ் ஏழு நாற்பதுக்கு வரும். ஆறு மணிக்கே சோற்றையும் குழம்பையும் முடித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குள் போய்விடுவேன். முழங்கால் அளவு புல்லும் தும்பைச் செடியுமாகக் கிடந்த மனை. அங்கே இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊசித்தட்டான், சிலந்தி, பச்சை வெட்டுக்கிளி, பெயர் தெரியாத வண்டுகள், கொசுவைவிடச் சின்னதாக இறகு வைத்த ஏதேதோ. வெயில் வரும்வரை அவற்றால் அசைய முடியாது. உடம்பு சூடேற வேண்டும். நமக்கு அதுதான் நேரம். காற்று வீசினால் போயிற்று. மூச்சு விட்டால் லென்ஸில் ஆவி படியும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, புல் அசைவது நிற்கும்வரை காத்திருந்து அமுக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது மங்கலாக வரும். பத்தாவதற்காக மறுநாளும் போவேன். கணவருடைய பழைய ரெயின்கோட் ஒன்றைத் தரையில் விரித்துப் படுத்துக்கொள்வேன். அப்படியும் எழுந்திருக்கும்போது முன்பக்கமெல்லாம் நனைந்திருக்கும்.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி விடிந்தும் விடியாமலும் காலி மனையில் குப்புறப் படுத்திருந்தால் தெரு சும்மா இருக்குமா? முதலில் பார்த்தவர் பால்காரர். வண்டியை நிறுத்திவிட்டு என்ன தேடுகிறாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, கம்மலா என்றார். ஈயைப் படம் எடுக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான், அவர் குரல் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மா, கோடிவீட்டுத் தம்பதி, வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் என்று ஐந்து பேர் மனைக்குள் இறங்கிப் புல்லை விலக்கி விலக்கித் தேட ஆரம்பித்தார்கள். என் சிலந்திகள் நாலாபக்கமும் ஓடின. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி போட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, இடது காதுத் தோட்டைக் கழற்றி, குனிந்து தரையிலிருந்து எடுப்பதுபோல எடுத்து, கிடைத்துவிட்டது என்று தூக்கிக் காட்டினேன். எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். எதிர்வீட்டு அம்மா அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். குற்ற உணர்ச்சியோடு குடித்தேன். நல்ல காபி.

பத்து நாள் கழித்து பால்காரர் என்னை மறுபடியும் அதே கோலத்தில் பார்த்தார். இந்தத் தடவை வண்டியை நிறுத்தவில்லை.

“திருகாணிய மாத்தும்மா,” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

பொங்கல் கழிந்த வாரம் மனையில் ஜேசிபி இறங்கியது. சொந்தக்காரர் வீடு கட்டப் போகிறாராம். அவர் மனை, அவர் கட்டுகிறார். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் கணவர் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டு வந்து சாவியை மேஜைமேல் வைத்தார். சானமாவுப் பக்கம் போனால் ரோட்டோரமாகவே பூந்தோட்டங்கள் இருக்கின்றன, பத்து நிமிடம்தான், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார் என்றார். விடிந்த பிறகு போ என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார். சானமாவுக் காட்டில் யானைகள் நடமாடும். குளிர்காலத்தில் ராகி வயல்களில் மேய்ந்துவிட்டு, விடியும் நேரத்தில் ரோட்டைத் தாண்டித்தான் காட்டுக்குள் திரும்பும்.

அந்த ஞாயிறு நன்றாக வெளிச்சம் வந்த பிறகே போனேன். ரோட்டோரம் ஒரு செண்டுமல்லித் தோட்டம். மஞ்சளும் ஆரஞ்சுமாக, பூவெல்லாம் பனியில் தலை தொங்கிக் கிடந்தது. வரப்பில் ஒரு காய்ந்த புல்லின் மேல் ஊசித்தட்டான் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் செய்ததுபோல உடம்பு முழுக்கத் துளிகள். யாரிடமும் கேட்காமல் ரெயின்கோட்டை விரித்துப் படுத்துவிட்டேன். அது தப்புதான். மூன்று நான்கு படம் எடுத்திருப்பேன். தலைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“யாரும்மா நீ? என் நெலத்துல படுத்துகினு இன்னா பண்ற?”

திரும்பினேன். என் வயசுதான் இருக்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பூக்கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். பின்னால் பூப்பறிக்க வந்த பெண்கள் நான்கு பேர். நான் எழுந்து நின்றேன். புடவை முன்பக்கம் முழுக்கச் சேறு. எந்த ஆபீஸ் என்று கேட்டார். ஆபீஸ் இல்லை, பூச்சியைப் படம் எடுக்கிறேன் என்றேன். எந்தப் பூச்சிமருந்துக் கம்பெனி என்று அடுத்த கேள்வி. கம்பெனியும் இல்லை, சும்மாதான் என்றேன். அவர் முகம் இன்னும் இறுகியது. சும்மா யாரும் வர மாட்டார்கள் என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் இரண்டு பேர் சும்மா வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம். அடுத்த மாதம் பக்கத்து நிலங்களில் கல் நட்டுவிட்டார்களாம். இப்போது அங்கே குடோன் நிற்கிறது. கையை நீட்டிக் காட்டினார். தைலமரங்களுக்கு அப்பால் நீலத் தகடு போட்ட கூரை தெரிந்தது.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. என்ன சொன்னால் நம்புவார் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் போனை நீட்டினேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து அந்தப் புல்லைப் பார்த்தார். ஊசித்தட்டான் அங்கேயே, குச்சிபோல, ஒன்றும் விசேஷமில்லாமல் இருந்தது. மறுபடியும் படம். மறுபடியும் புல்.

“இது என் தோட்டத்துலயா இருக்குது?” என்றார்.

சொல்லிவிட்டு, “சூடு, சூடு,” என்று சத்தமாகக் கூவினார். போன் சூடாகிவிட்டதோ என்று நான் பதறிப்போய்ப் பிடுங்கக் கை நீட்டினேன். அவருக்கு வீட்டுப்பேச்சு தெலுங்கு. தெலுங்கில் அந்தச் சொல்லுக்குப் ‘பார்’ என்று அர்த்தமாம். பின்னால் நின்ற பெண்களில் ஒருவரைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். நான் பதறியதற்குக் காரணம் புரிந்ததும் ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் என் பயம் போய்விட்டது.

நான் கிளம்பும்போது அவர் இரண்டு நிபந்தனை போட்டார். நல்ல வெளிச்சம் வருவதற்கு முன்னால் வரக்கூடாது. வந்தால் வண்டியை ஓசூரைப் பார்த்துத் திருப்பி நிறுத்த வேண்டும். யானை வந்தால் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

“இங்க அல்லாரும் ஆனைக்குப் பயந்து சாவறாங்க. நீ என்னடான்னா எறும்ப தேடிகினு வந்திருக்க,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். நான் அவரை அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அந்த ஒரு சொல் செல்லும் என்பதால் இந்தப் பக்கத்தில் அதிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். அவர் கணவர் ஒரு டயர் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். தோட்டம் முழுக்க அக்காவின் பொறுப்பு. அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மை. ஒன்பது வருடம் பிசிறு பார்த்த கண் என்னுடையது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் அதை இரண்டே வாரத்தில் உடைத்தார். இலைக்கு அடியில் இலை நிறத்திலேயே இருக்கும் கும்பிடுபூச்சியை நடந்துகொண்டே பார்த்துவிடுவார். நான் போவதற்குள் நாலைந்து இடங்களில் அடையாளத்துக்கு ஒரு செண்டுமல்லிப் பூவைச் செடியடியில் வைத்திருப்பார். பூவைத் தேடிப் போனால் பூச்சி இருக்கும்.

அவர் மருந்து அடிப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அடிக்காவிட்டால் பூ நிற்காது, பூ நிற்காவிட்டால் அவர் வீடு நிற்காது. எந்தக் கிழமை அடிக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆனால் வேலியோரத்தில் காடாக மண்டிக்கிடந்த நாய்த்துளசியையும் குச்சிபோல் காய்ந்த செடித்தட்டுகளையும் மட்டும் அந்த வருடம் வெட்டவில்லை. குளிர் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வேலைநாளில் அக்கா கூப்பிட்டதே இல்லை.

“அக்கா, கொஞ்சம் வர்றியா? வேலியோரமா ஒரு காஞ்ச குச்சியில தேனீ வரிசையா தொங்குது. அசையவே இல்ல. நேத்து மருந்து அடிச்சன்ல, அதுல செத்துப்போச்சோ என்னமோ. பயமா இருக்குது.”

குரல் ஒரு மாதிரி இருந்தது. கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மணி ஆறே முக்கால், ஏழு நாற்பதுக்குப் பஸ். போய்விட்டு வந்துவிடலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ரோட்டில் பனி புகைபோல நின்றது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் மட்டும் வந்தது, லாரி அப்புறம்தான் வந்தது.

வேலியோரத்தில் அக்காவும் பூப்பறிக்கும் நான்கு பெண்களும் நின்றிருந்தார்கள். அக்கா காட்டிய இடத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு காய்ந்த தட்டு. அதில் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகத் தேனீக்கள். எண்ணினேன். பதினொன்று. நாம் கூட்டில் பார்க்கிற தேனீ இல்லை, கொஞ்சம் குண்டு. கறுப்பு வயிற்றில் வானநீலக் கோடுகள். அத்தனையும் பனியில் நரைத்துப்போய் இருந்தன. ஒன்றுகூடக் காலால் தட்டைப் பிடித்திருக்கவில்லை. வாயால் கடித்துக்கொண்டு, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, உடம்பு அந்தரத்தில் நீண்டு நின்றது. செத்ததுபோலத்தான் இருந்தன.

மண்டியிட்டு, போனைப் பக்கத்தில் கொண்டுபோனேன். லென்ஸ் கிட்டே வந்ததும், மேலிருந்து இரண்டாவதாக இருந்த தேனீ தன் பின்னங்காலை மெதுவாகத் தூக்கியது. கிட்டே வராதே என்பதுபோல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தது. பிறகு காலை மடக்கிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

தூங்குகிறது அக்கா, எல்லாம் தூங்குகிறது என்றேன்.

“உசுரு இருக்குதா?”

“இருக்கு. காலைத் தூக்குச்சு.”

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார். வாயால் கடித்துக்கொண்டு யாராவது தூங்குவார்களா என்று கேட்டு மறுபடியும் சிரித்தார்.

நான் எடுத்த படத்தை முதலில் அவரிடம் காட்டினேன். படம் வேண்டாம், நேரிலேயே பார்க்கிறேன் என்றார். சரி என்று போனை அவர் கையில் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது மூச்சை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். அவர் பார்த்து முடித்ததும் மற்ற பெண்கள் தானாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். ரேஷன் கடையில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. ஒருவருக்கு இருமல், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பார்த்தார். இன்னொருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார், கோயிலுக்குள் போவதுபோல. ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முடியாதபோது தள்ளிப்போய் மூச்சு விட்டுவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

ரோட்டில் டெம்போ வந்து நின்று ஹாரன் அடித்தது. பறித்த பூவை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகும் வண்டி. பூ அன்றைக்குப் பாதிகூடப் பறிக்கவில்லை. டிரைவர் அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர், கன்னடம் பேசுகிறவர். மூன்று தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டே வரப்பில் நடந்து வந்தார். அக்கா உதட்டில் விரலை வைத்து, போனை அவர் கையில் கொடுத்தார். அவர் குனிந்தார். நிமிரவே இல்லை. பிறகு குரங்குக் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தப் போனார். திரும்பி வந்து அவரும் வரிசையில் நின்றார்.

தைலமரங்களுக்கு மேலே சூரியன் வந்தபோது மணி எட்டு ஆகியிருக்கும். பஸ் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. வெயில் முதலில் மேலே இருந்த தேனீயின் மேல் விழுந்தது. அதன் மேலிருந்த துளிகள் ஒரு கணம் தீப்பொறிபோல எரிந்தன. உடம்பு நடுங்க ஆரம்பித்தது. இறக்கையை அசைக்காமலேயே, உள்ளுக்குள் ஒரு மோட்டார் ஓடுவதுபோல ஒரு சன்னமான ரீங்காரம். ஒரு துளி உருண்டு விழுந்தது. தேனீ கால்களை நீட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டது. பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி, கண்ணைத் துடைத்தது. அவ்வளவு நிதானமாக, தூங்கி எழுந்து முகம் கழுவுகிற மனுஷன் மாதிரி. பூப்பறிக்கும் பெண்களில் ஒருவர் தன்னையறியாமல் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். தேனீ தட்டிலிருந்து வாயை எடுத்தது. பறந்தது.

இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் கிளம்பும்போது எல்லோரும் சேர்ந்து மெதுவாக எண்ணினோம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து எண்ணியதில் நடுவில் ஒரு எண் தவறிப்போய், கணக்கைத் திரும்பச் சரிசெய்தோம். பத்து போனது. பதினொன்றாவது மட்டும் அசையவில்லை. வெயில் அதன் மேல் நன்றாக விழுந்து, பனி காய்ந்து, நீலக்கோடுகள் பளபளவென்று தெரிந்தன. அது தட்டைக் கடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

“நைட் ஷிப்டு போல. தூங்கட்டும் உடு,” என்றார் இருமல்கார அம்மா.

எல்லோரும் சிரித்த சத்தத்தில்தான் அது விழித்திருக்க வேண்டும். கண்ணைக்கூடத் துடைக்காமல் எழுந்து பறந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் நேரம் ஞாபகம் வந்தது. டெம்போ டிரைவரும் கூடையை எடுத்துக்கொண்டு பூப்பறிக்க இறங்கினார். நான் நேராகக் கம்பெனிக்கு வண்டியை விட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக லேட். இன்சார்ஜ் மேஜைக்கு முன்னால் சேறு படிந்த யூனிஃபார்மோடு நின்றேன். காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டார். வழியில் பலவற்றை யோசித்து வைத்திருந்தேன். வண்டி பஞ்சர், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. தேனீ தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் சார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் போனைக் காட்டினேன். வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு தேனீயாகப் பார்த்தார். பாகங்களைப் பார்க்கும் அதே முகம். கடைசித் தேனீவரை பார்த்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

“ரிஜெக்ட் பண்ண ஒண்ணும் இல்லையே,” என்றார்.

ஒரு மணி நேர பெர்மிஷன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படத்தைத் தனக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் அது எங்கள் லைன் முழுக்கப் போய்விட்டது. கேன்டீனில் முன்பின் பேசியிராத மெஷின் ஆபரேட்டர்கள்கூட வந்து, வாயால் கடித்துக்கொண்டு தூங்கினால் தாடை வலிக்காதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்டுடியோவில் ஏழு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். படத்தைக் கொடுத்ததும் ஒரு தகராறு கிளம்பியது. ஆளாளுக்கு ஒரு தேனீயைத் தங்களுடையது என்றார்கள். முதலில் கண்ணைத் துடைத்ததைத் தான்தான் முதலில் பார்த்ததாக ஒருவர். இல்லை, அப்போது போன் தன் கையில் இருந்தது என்று இன்னொருவர். இருமல்கார அம்மா மட்டும் சத்தமில்லாமல் கடைசித் தேனீயின் மேல் விரலை வைத்துக்கொண்டார். டெம்போ டிரைவர் தன் பிரதியை வண்டியில் கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அக்கா அவருடையதை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறார். அவர் கணவர் ஷிப்டு முடிந்து வந்து தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறாராம்.

பங்குனி வந்து, பனி குறைய ஆரம்பித்த ஒரு ஞாயிறு. அன்று வேலியோரம் தேனீ இல்லை. வேறு எதுவும் சரியாக அமையவும் இல்லை. செடிகளுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து அலுத்துப்போய் எழுந்து நின்றேன். ஊதா நிற ஸ்வெட்டர் போட்டிருந்தேன். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று திரும்பியபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

“அசையாத அக்கா. போனக் குடு.”

எதற்கென்று கேட்டேன். போனை வாங்கிக்கொண்டு என் இடது தோள் பக்கம் வந்து நின்றார். அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, திருப்பவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது காதருகே கேட்டது. ஒன்று எடுத்தார், சரியாக வரவில்லை என்று முனகினார். இன்னொன்று. எனக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. நிலத்தில் நட்ட கல்லுமாதிரி நில்லு என்று அதட்டினார். நின்றேன். கால் மரத்தது, மூக்கு நமைத்தது. அவர் தெலுங்கில் அந்தப் பூச்சியிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு அவர் விட்ட மூச்சு என் கன்னத்தில் பட்டது.

படத்தைக் காட்டினார். கம்பளி நூலின் ஒவ்வொரு இழையிலும் பனித்துளி. அவற்றின் நடுவில், அரிசியளவு பச்சை வெட்டுக்கிளிக் குஞ்சு ஒன்று, மீசையில் இரண்டு துளிகளோடு நேராக அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் கோடுகள்வரை தெளிவாக இருந்தது. மூன்று மாதத்தில் நான் எடுத்த எதுவும் அவ்வளவு கூர்மையாக வந்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வரப்பின் அந்தக் கோடியில் நின்ற பெண்களை நோக்கி அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் தோளில் அந்தக் குஞ்சோடு, அசையாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.